கடைசி மலையை நான் பின் சீட்டிலிருந்து பார்த்தேன்

பிரசன்னா,

உன் மேல் எனக்கு அன்பு இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இனி வரும் பக்கங்களில் அதை நீ தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நியூசிலாந்திலிருந்து நானும் உன் அப்பாவும் திரும்பி, துணியெல்லாம் துவைத்து, பெட்டிகளைப் பரணில் ஏற்றி, பால் பாக்கெட்டுக்கு மறுபடி சொல்லி, வீடு பழையபடி ஆகிவிட்டது. என் கோபம் மட்டும் ஆறவில்லை. கேரவன் பயணத்தின் கடைசி நாளன்று நம் குடும்பக் குரூப்பில் நீ ஒரு செய்தி போட்டாய், நினைவிருக்கிறதா? "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டிரைவர் ஏற்பாடு பண்ணிட்டேன், யாரும் கவலைப்பட வேண்டாம்." உன் சித்தி கைகூப்பும் படம் போட்டாள். மாமா "பொறுப்பான பிள்ளை" என்று எழுதினார். அத்தனை பேரும் உன்னை மெச்சிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் ஒரு தலைவலிகூட இல்லாமல், கேரவனின் பின்பக்கத்தில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இந்தக் கடிதத்தையும் அதே குரூப்பில்தான் போடப்போகிறேன். நீ ஊரறியச் சொன்னதை நான் உன் காதில் மட்டும் மறுப்பது நியாயமாகாது.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாண நாளுக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது நீதான். வீட்டையே சக்கரத்தில் வைத்துக்கொண்டு, இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தி, சமைத்து, தூங்கி, மறுபடி கிளம்பலாம் என்று நீ சொன்னபோது எனக்குச் சின்னப்பெண் மாதிரி ஆசை வந்தது. எதிர்வீட்டு மேரியம்மாவிடம் சொன்னேன். "கேரவனா? ஷூட்டிங்ல ஹீரோயின் உக்காருவாங்களே, அந்த வண்டியா?" என்று கேட்டாள். "ஹீரோயினே ஓட்டணும், அதுதான் வித்தியாசம்" என்றேன். விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்தது.

நீ வாடகை வண்டியை அப்பா பெயரில் மட்டும் பதிவு செய்திருந்தாய். அது எனக்கு அப்போதே உறுத்தியது. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நீயே அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாய். இரண்டு கண்ணிலும் புரை. "சாயங்காலமானா எதிர்ல வர்ற வண்டி லைட் பூப்பூவா விரியுது டாக்டர்" என்று அவர் சொன்னதை நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாய். பயணம் முடிந்து வந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது. வெளியே வந்து நீ என்ன சொன்னாய்? "அப்பா, அங்க பகல்ல மட்டும் ஓட்டுங்க, போதும்." நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணுக்கு என்ன என்று நீ கேட்கவில்லை. என்னிடம் லைசென்ஸ் இருப்பதே உனக்கு ஞாபகம் வரவில்லை.

உனக்கு ஞாபகம் வராததை நான் இங்கே எழுதுகிறேன். நான் இந்த மாநிலத்தின் கால்நடைத் துறையில் டாக்டராக இருந்தவள். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் எனக்குக் கொள்ளேகால் பக்கம் வேலை. வயிற்றில் கன்று திரும்பிக்கொண்ட மாடு டிரைவர் வரும்வரை காத்திருக்காது. அதனால் ஜீப்பை நானே எடுத்துக்கொண்டு மாதேஸ்வரன் மலைப் பாதையில் ஏறினேன். ஒரு வளைவில் யானை நின்றால் இன்ஜினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல், அது போகும்வரை பின்னுக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். லீவு நாட்களில் நீயும் வருவாய். தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, வாந்தியெடுக்காமல் தூங்கிக்கொண்டே வந்த பிள்ளை நீ. உன் அப்பாவோ கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வந்த மனிதர். ஓய்வு பெற இருந்த சமயத்தில்தான் அவருக்கு முதல் கியரைத் தாண்டி ஓட்டவே கைவந்தது. அதிலும் ரிவர்ஸ் என்றால் அவருக்கு இன்றும் வியர்க்கும்.

ஆனால் நம் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நீலசந்திராவில் இருந்த உன் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். அவர்கள் தெருமுனை வந்ததும் வண்டியை ஓரம்கட்டி நான் இறங்குவேன், அப்பா இறங்குவார், இடம் மாறிக்கொள்வோம். மீதித் தெருவை அவர் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்துவார். "தம்பி வண்டியெல்லாம் நல்லா ஓட்டறான்" என்று பெரியப்பா சொல்வார். நீ ஒருமுறை "ஏம்மா எறங்கறே?" என்று கேட்டாய். "பெரியப்பா பாப்பாருடா" என்றேன். பிறகு நீ கேட்கவே இல்லை. அந்த வழக்கத்தை நாங்கள் விமானம் ஏற்றி நியூசிலாந்து வரைக்கும் கொண்டுபோனோம் என்பதுதான் வேடிக்கை.

முதல் நாள் கேரவனை வாடகைக்கு எடுத்த இடத்திலேயே, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் என் லைசென்ஸையும் கொடுத்து என் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்துக்கொண்டேன். வெளியே எடுத்தது அப்பாதான். வாசலைத் தாண்டுவதற்குள் பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு செடியை உரசிக்கொண்டு போனது. சாலையில் ஏறி ஒரு லாரி எதிரே வந்ததும் ஓரம்கட்டிவிட்டார். "நீயே எடு. எனக்கு இது தூங்குமூஞ்சி யானை மாதிரி இருக்கு" என்றார். அதன்பிறகு பயணம் முழுவதும் நான்தான் ஓட்டினேன். நம் ஊர் மாதிரியே இடதுபக்க ஓட்டம், கியர் மாற்றும் வேலையும் இல்லை. சில்க் போர்டு நெரிசலில் மாலை நேரத்தில் வண்டி ஓட்டியவளுக்கு அந்தச் சாலைகள் பாயசம். ஆனால் ஏரிக்கரையில் நிறுத்திப் படம் எடுக்கும்போதெல்லாம் உன் அப்பா ஏறி என் இடத்தில் உட்கார்ந்துகொள்வார், ஸ்டியரிங்கில் கை வைப்பார், நான் கீழே நின்று எடுப்பேன். "பையன் கவலைப்படுவான்" என்பார். நீ அந்தப் படங்களுக்கெல்லாம் நெருப்புப் படம் போட்டு, "சூப்பர் டிரைவர்ப்பா" என்று எழுதினாய். புரை விழுந்த கண்ணோடு அப்பா பனிமலை அடிவாரத்தில் ஓட்டுகிறார் என்று நம்பிக்கொண்டு ஒவ்வொரு நாளும் நிம்மதியாகத் தூங்கினாய்.

கடைசிக்கு முந்தின நாள் மேற்குக் கடற்கரையில் இருந்தோம். மறுநாள் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி வண்டியை ஒப்படைக்க வேண்டும். பயணம் தொடங்கியதிலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு சாலைக்காகத்தான். மலை இடுக்கில் செங்குத்தாக ஏறி, பள்ளத்தாக்கின் மேல் பாலத்தில் தொங்கிக்கொண்டு போகும் பாதை அது. வேலையில் இருந்த காலத்தில் மலையேறினால் மேலே ஒரு மாடு துடித்துக்கொண்டிருக்கும். எந்த அவசரமும் இல்லாமல், வெறும் சந்தோஷத்துக்காக ஒரு மலை ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று சாயங்காலம் நீ வீடியோவில் கூப்பிட்டாய். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. உன் அப்பாவுக்கு வாய் நிற்கவில்லை.

"டேய், இன்னைக்கு நீ பாத்திருக்கணும். ஒரே ஒரு வண்டி போற பாலம், எதிர்ல இவ்ளோ பெரிய பால் டேங்கர். உங்கம்மா அப்படியே ஒதுங்கி நின்னு, அவன் போனதும் அலுங்காம எடுத்தா பாரு. டேங்கர்காரன் கையெடுத்துக் கும்புடாத குறைதான்."

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அம்மாவா ஓட்டறாங்க?"

"ஆமா, பின்ன?"

"எப்பலேர்ந்துப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ரசத்தை இறக்கினேன். நீ "சரி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அங்கே அடுப்புக்கு எதிரேதான் நின்றிருந்தேன், பிரசன்னா.

காலையில் நான் குளித்து, நெற்றிக்கு இட்டு, கண்ணாடிகளை எல்லாம் துடைத்து, ஓட்டுநர் இருக்கையை எனக்கு ஏற்றபடி முன்னுக்கு நகர்த்திய பிறகு, வண்டிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. குரலில் சர்க்கரை. உங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு உங்களைப் பற்றிக் கவலை தெரிவித்தார், உங்கள் நலனுக்காக நீங்கள் இன்று ஓட்டக் கூடாது, அங்கேயே இருங்கள், ஓர் ஓட்டுநரை அனுப்புகிறோம் என்றாள் அந்தப் பெண். நான் எவ்வளவோ சொன்னேன். மன்னிக்கவும் மன்னிக்கவும் என்றாளே தவிர இறங்கி வரவில்லை. யாரோ கவலைப்பட்டதும் என் வயதைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஓட்டுநர் வந்தார். டெரிக் என்று பெயர். எழுபதைத் தாண்டியவர், என்னைவிடப் பெரியவர். வண்டியில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஓ" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவர் மரியாதைக்கு உன் அப்பாவை முன்னால் உட்காரச் சொன்னார். உன் அப்பாவும் உட்கார்ந்தார். முன்னால் இரண்டே இருக்கை. பின்னால் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்த இடம் எனக்கு. அது பின்னோக்கிப் பார்த்த இருக்கை. வண்டி ஏற ஏற, மலை எனக்கு எதிரே வரவில்லை, என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. பாலம் வருகிறது என்று முன்னால் அவர்கள் பேசிக்கொண்டார்கள். தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாக அசைந்தது. தட்டுகளும் கரண்டிகளும் அலமாரிக்குள் குலுங்கிக்கொண்டிருந்தன. என் வாழ்க்கையில் எந்த மலையையும் நான் அப்படிச் சாமானோடு சாமானாக ஏறியதில்லை.

உச்சியில் டெரிக் வண்டியை நிறுத்தினார். அங்கே பச்சைக் கிளிகள் இருந்தன. நம் ஊர்க் கிளி இல்லை, கோழி அளவுக்குப் பெரியவை. வந்து நின்ற கார்களின் ரப்பரை எல்லாம் கொத்திப் பிய்த்துக்கொண்டிருந்தன. வேறொரு நாளாக இருந்தால் நான் அங்கேயே பாதி நாள் நின்றிருப்பேன். டெரிக் என் பக்கத்தில் வந்து ஓர் இஞ்சி மிட்டாயை நீட்டினார். "இப்போது தலைசுற்றல் எப்படி இருக்கிறது?" என்று கனிவாகக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கு அடிக்கடி தலைசுற்றி மயக்கம் வரும், மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் மகன் சொன்னாராம். பாவம், நல்ல பிள்ளை, ரொம்பப் பயந்துவிட்டார்" என்றார். நான் மிட்டாயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா கிளியைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு மயக்கம் வந்தது ஒரே ஒரு முறை. உன் கல்யாணத்தன்று. முதல் நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், விடியற்காலையிலிருந்து பட்டுப்புடவையோடு ஹோமப் புகையில் நின்று, தாலி கட்டி முடிந்ததும் சரிந்தேன். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு எழுந்து பந்தியைப் பார்க்கப் போனேன். உனக்காக நின்று நான் விழுந்ததை எடுத்து, அதற்கு அடிக்கடி என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, மாத்திரையையும் சேர்த்து, என்னை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்து, அதை வைத்து என்னை வண்டியிலிருந்து இறக்கினாய். இதை எழுதும்போதுகூட என் கை நடுங்குகிறது. இது கோபத்தில் நடுங்குகிறது. வியாதி என்று இதையும் யாரிடமாவது சொல்லிவிடாதே.

ஏர்போர்ட்டிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"ம்மா, சும்மா சொன்னா கேக்க மாட்டாங்கம்மா. உன் நல்லதுக்குத்தானே. அந்த ஊர்ல ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கம்மா ஓடுவேன்?"

"இத்தனை நாள் ஆகலையே?"

"இத்தனை நாள் அப்பா ஓட்டறாருன்னு நெனச்சேன். நிம்மதியா இருந்தேன்."

இந்த ஒரு வரிதான், பிரசன்னா. நான் எத்தனை வேலை செய்தாலும் இது காதைவிட்டுப் போவதில்லை. கண் தெரியாதவர் ஓட்டியபோது உனக்கு நிம்மதி. கண் தெரிந்தவள் ஓட்டுகிறாள் என்றதும் உனக்குக் கைகால் உதறல். நீ படித்தவன், ஆபீசில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன். இதை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துப் படித்துப் பார். உனக்கே வெட்கமாக இருக்கும். ஆக வேண்டும்.

அது அந்த ஊரோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். விவேக் நகரில் நம் வீட்டுக்கு வந்து இறங்கிப் பார்த்தால் வாசலில் என் கார் இல்லை. சர்வீஸுக்கு விட்டிருப்பாய் என்று நினைத்தேன். கேட்டால், உன் சர்ஜாபூர் ரோடு அபார்ட்மென்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் பத்திரமாக நிற்கிறது என்கிறாய். "அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம். எங்க போகணும்னாலும் சொல்லு, கேப் புக் பண்ணித் தரேன்." அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிறவரை என் கையில் சாவி ஏன் இருக்கக் கூடாது? எனக்கு இதில் சம்பந்தம் புரியவில்லை. அந்த வண்டி என் ஓய்வூதியப் பணத்தில், என் பெயரில் வாங்கியது. வியாழக்கிழமைதோறும் நம் பக்கத்துச் சர்ச்சில் கூடும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மெழுகுவத்திக் கடையைக்கூட உரசாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். இப்போது காய்கறி வாங்கவும் உனக்கு மெசேஜ் போட்டுவிட்டு, நீ அனுப்பும் வண்டி எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் அப்பாவை நான் சும்மா விடவில்லை. வந்த மறுநாளே, காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அந்தக் கம்பெனிக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? டெரிக் கிட்டயாவது? ஏன் சும்மா இருந்தீங்க?" "அவன் என்னை டிரைவர்னு நெனச்சுட்டு இருந்தான். இனிமே கண்ணும் தெரியாது, வண்டியும் தெரியாதுன்னு ஆயிடும்ல. அது கஷ்டமா இருந்துச்சு. அதான் வாயே வரல" என்றார். எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. ஏனென்றால் அவர் உள்ளதைச் சொன்னார். மீதிப் பாதி உனக்குச் சேர வேண்டியது. அதைத்தான் அனுப்புகிறேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றால், ஒன்றுதான் சொல்வேன். ஒருவரைப் பற்றிய உன் பயத்தை அவருடைய வியாதியாக மாற்றாதே. நாளைக்கு எங்களுக்கு உண்மையிலேயே முடியாமல் போகும். என் கண்ணும் மங்கும், காலும் தடுமாறும். அன்றைக்குச் சாவியை உன் கையில் நானே கொண்டுவந்து வைப்பேன், நீ கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்த நாள் எது என்று நானும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். போன வாரம் உன் மனைவி நித்யா வந்திருந்தாள். அவளாகச் சொல்லவில்லை, நான்தான் துருவினேன். "அவர் பக்கத்துல இருந்தா நான் ஓட்டறதே இல்லத்தை. கீழ பிரேக் இருக்கற மாதிரி காலை அழுத்திக்கிட்டே வருவாரு. எதுக்கு வம்புன்னு சாவியைக் குடுத்துடுவேன்" என்றாள். தினமும் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போகிற பெண், நீ ஏறினால் இறங்கிவிடுகிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் இந்த வீட்டில் அப்படிச் சிரித்தவள்தான். அவள் சிரிப்பை நம்பி உட்கார்ந்திருக்காதே.

அந்தக் கம்பெனிக்குப் போன் செய். என் அம்மாவுக்குத் தலைசுற்றல் கிடையாது, நான் பொய் சொன்னேன் என்று சொல். அவர்களிடம் என் பெயருக்கு எதிரே நீ சொன்னதுதான் இப்போது நிற்கிறது. நான் மறுபடி அங்கே போகப்போகிறேன். அந்த மலையை முன்கண்ணாடி வழியாகப் பார்க்காமல் நான் விடப்போவதில்லை. குரூப்பிலும் எழுது. சித்தியின் கைகூப்பலை நீயே திருப்பிக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஆட்டோ பிடித்து உன் அபார்ட்மென்டுக்கு வருகிறேன். சாவியோடு கீழே வந்து நில். உன் அப்பாவின் ஆபரேஷனுக்கு அவரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போகப்போகிறேன், கட்டுப் போட்ட கண்ணோடு திருப்பிக் கூட்டி வரப்போவதும் நான்தான். அதற்கு எனக்கு என் வண்டி வேண்டும். நீயும் என்னோடு கிளம்பு. என் பக்கத்து இருக்கையில் உட்கார், பின்னால் வேண்டாம். சில்க் போர்டு வழியாகவே போகிறேன், சுற்றுவழி எடுக்க மாட்டேன். ஓசூர் ரோட்டில் பஸ்காரன் குறுக்கே வருவான், அடுகோடி சிக்னலில் ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கமும் நுழையும். நீ காலைத் தரையில் சும்மா வைத்துக்கொள். "ம்மா, லெஃப்ட்ல பாரு" என்று சொல்லாதே. வீட்டு வாசல் வரைக்கும் எதுவும் பேசாதே.

நான் இன்ஜினை அணைத்த பிறகு பேசு. மன்னிப்பெல்லாம் வேண்டாம். "பயந்துட்டேன்மா" என்று மட்டும் சொல். தலைசுற்றல் என்று நீ சொன்ன இடத்தில் அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்றைக்கே, அந்த ரசத்தைக்கூட இறக்காமல், உன் பயம் போகிறவரை நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அம்மா